அப்பாவுக்குக் கொரோனா முடிந்ததும் ஸ்ட்ரோக்... எனக்கும் ஜீனில் இருக்கிறதா, டாக்டர்?

கேள்வி: சின்னாளப்பட்டியில் தறி வைத்திருக்கிறோம். எனக்கு 41 வயது. 2021 மே மாதம் வீட்டில் எல்லோருக்கும் கொரோனா வந்தது. அப்பாவுக்கு அப்போது 63. ஆக்சிஜன் வைத்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பினார். ஆறாவது நாள் காலையில் காபி டம்ளர் இடது கையிலிருந்து நழுவியது, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. தைலம் தேய்த்துப் பார்த்துவிட்டு மதியத்துக்கு மேல்தான் கொண்டுபோனோம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். இப்போது தடி ஊன்றி நடக்கிறார். அந்தக் கலவரத்தில் அவருடைய பிரஷர் மாத்திரையை எல்லோருமே மறந்திருந்தோம். எனக்கும் அப்பாவுக்கும் பி பாசிட்டிவ். ஓ குரூப் இல்லாதவர்களுக்குக் கொரோனாவுக்குப் பிறகு ஸ்ட்ரோக் வரும், அது ஜீனிலேயே இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. பயந்துபோய் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் டி-டைமர் டெஸ்ட் எடுத்தேன், 410. ஒரு லேப்பில் 14,000 ரூபாய்க்கு ஜீன் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கட்டுமா? தினமும் ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வாட்ஸ்அப் செய்திகளை நான் பொதுவாகப் பாதியிலேயே மூடிவிடுவேன். இது முழுப் புரளி இல்லை. பிரிட்டனில் யூகே பயோபேங்க் என்ற பெரிய மருத்துவத் தரவுத் தொகுப்பு இருக்கிறது. அதிலிருந்து 2020-ல் கொரோனா வந்த சுமார் 10,000 பேரையும், வராத இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களையும் எடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட மூன்று வருடம் வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். முடிவு 2024 அக்டோபரில் வெளியானது. கொரோனா வந்தவர்களுக்கு மாரடைப்பு, ஸ்ட்ரோக், மரணம் மூன்றும் சேர்ந்த ஆபத்து சுமார் இரண்டு மடங்கு. ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்குப் படுத்தவர்களுக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு. அப்படிச் சேர்ந்தவர்களில் ஏ, பி, ஏபி வகையினருக்கு ரத்தக்கட்டியால் வரும் மாரடைப்பும் ஸ்ட்ரோக்கும் கூடுதலாக இருந்தன. ஓ வகையினரிடம் அந்தக் கூடுதல் தெரியவில்லை.

உங்களுக்கு வந்த செய்தியில் விடுபட்டுப்போன வார்த்தை, 'ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களில்' என்பது. இன்னொன்று, அவர்கள் எல்லோருக்கும் கொரோனா வந்தது 2020-ல், அதாவது தடுப்பூசி பரவலாகப் போடப்படும் முன்பே.

ரத்த வகைக்கும் அடைப்புக்கும் என்ன உறவு? நீங்கள் தறிக்காரர், உங்களுக்குச் சொல்வது எளிது. பாவுக்குக் கஞ்சி கொஞ்சம் கெட்டியாகிவிட்டால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் அல்லவா? ரத்தத்தில் அந்தக் கஞ்சியின் வேலையைச் செய்வது வான் வில்லிபிராண்ட் காரணி என்ற புரதம். ரத்தக்குழாயின் உள்சுவரில் காயம்பட்ட இடத்தில், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களை இழுத்து ஒட்டவைக்கும். நம் ரத்த வகையைத் தீர்மானிக்கும் ஜீன் ஒன்பதாவது குரோமோசோமில் இருக்கிறது. அது சிவப்பணுவின் மேல் மட்டுமல்ல, இந்தப் புரதத்தின் மேலும் சர்க்கரைத் துணுக்குகளை ஒட்டி அனுப்புகிறது. ஓ வகையினரின் புரதத்தில் அந்த ஒட்டு இல்லாததால் உடல் அதைச் சீக்கிரம் கழித்துவிடுகிறது. மற்ற மூன்று வகையினரின் ரத்தத்தில் அது 25 சதவீதம் அளவுக்கு அதிகமாகவே சுற்றிக்கொண்டிருக்கும். சாதாரண நாளில் பெரும்பாலோருக்கு இதனால் தொந்தரவு வருவதில்லை. கடுமையான கொரோனாவிலோ ரத்தக்குழாயின் உள்சுவரே வீங்கிப் புண்ணாகி, அங்கே சேமித்து வைத்திருந்த பசையையெல்லாம் ஒரே நேரத்தில் கொட்டுகிறது. ஏற்கெனவே கெட்டியான கஞ்சியில் இன்னும் ஒரு கை மாவு விழுந்த கதைதான்.

அதற்காக பி குரூப் என்றதும் அரண்டுபோக வேண்டாம். நம் நாட்டில் ஓ அல்லாதவர்கள்தான் பெரும்பான்மை. நானும் பி தான். ரத்த வகையே விதி என்றால், இரண்டாம் அலைக்குப் பிறகு தெருவுக்குப் பத்துப் பேர் தடி ஊன்றியிருக்க வேண்டும்.

மற்றபடி, இந்த ஆபத்து எல்லா நாளும் ஒரே அளவில் இருப்பதில்லை. சுவீடனில் கொரோனா வந்த 86,742 பேரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, முதல் வாரத்தில் அடைப்பால் வரும் ஸ்ட்ரோக் வழக்கத்தைப்போல் சுமார் மூன்று மடங்கும், மூன்றாம், நான்காம் வாரங்களில் இரண்டு மடங்கும் இருந்தது. அப்பாவுக்கு நடந்தது ஏறக்குறைய அந்த மூன்று, நான்கு வாரக் கணக்குக்குள்தான் வருகிறது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்களிடம் ஒரு வருடக் கணக்கு எடுத்தார்கள். கொரோனா வராதவர்களோடு ஒப்பிட்டால் ஆயிரம் பேருக்கு நான்கு ஸ்ட்ரோக் கூடுதல். அவர்களில் பெரும்பாலோர் வயதான ஆண்கள். உங்களுக்கு 2021-ல் வந்து போன கொரோனாவை இன்றைக்கு நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

ஜீன் டெஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன். கொரோனாவையும் ஜீனையும் சேர்த்துப் பேசும்போது மூன்றாவது குரோமோசோமில் உள்ள ஒரு துண்டைப் பெரிதாகச் சொல்வார்கள். நியாண்டர்தால் மனிதர்களிடமிருந்து நமக்கு வந்த துண்டு அது என்று 2020-ல் கண்டறிந்த இருவரில் ஒருவர் ஸ்வாந்தே பேபோ. 2022-ல் நோபல் பரிசு வாங்கியவர். ஐரோப்பியர்களில் 16 சதவீதம் பேரிடமும், தெற்காசியர்களில் பாதிப் பேரிடமும் அது இருக்கிறது. ஐரோப்பாவில் அது இருப்பவர்களுக்கு நுரையீரல் அதிகம் பாதிக்கப்பட்டது. அப்படியென்றால் நம் கதி? ஹைதராபாத்தில் உள்ள சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மைய விஞ்ஞானிகள் நம் மக்களின் ஜீன் தகவல்களை இங்கே பதிவான தொற்று, இறப்பு விகிதங்களோடு ஒப்பிட்டபோது, அந்தத் துண்டோடு தொடர்பு கிடைக்கவில்லை. ஐரோப்பியரின் கணக்கை வைத்து நமக்குப் பலன் சொல்வது, லண்டன் பஞ்சாங்கத்தைப் பார்த்து திண்டுக்கல்லில் முகூர்த்தம் குறிப்பது போல. பாதிப் பேரிடம் இருக்கும் ஒன்றை உங்களிடமும் 'இருக்கிறது' என்று சிவப்பு எழுத்தில் அச்சடித்துக் கொடுக்க 14,000 ரூபாயா? வேண்டாம்.

பரம்பரையாகவே வரும் ஸ்ட்ரோக் நோய்கள் சில உண்டு. கடாசில் என்று ஒன்று. நாற்பது, ஐம்பது வயதிலேயே, பிரஷரும் சர்க்கரையும் இல்லாமலே, இரண்டு மூன்று தலைமுறையாக வரும். உங்கள் கடிதத்தில் அதற்கான சாடை எதுவும் இல்லை.

கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் ஒன்று உறைத்தது. ரத்த வகை எழுதியிருக்கிறீர்கள். டி-டைமரைத் துல்லியமாக எழுதியிருக்கிறீர்கள், அது சரியான அளவுதான். கொரோனா வந்து இத்தனை வருடம் கழித்து அதை எடுக்கத் தேவையே இல்லை. டெஸ்டின் விலைகூட இருக்கிறது. உங்கள் பிரஷர் எவ்வளவு என்று ஒரு வரி இல்லை. அப்பாவின் பிரஷர் மாத்திரையோ போகிற போக்கில் ஒரே வாக்கியத்தில் வந்து போகிறது. என்னைக் கேட்டால் முழுக் கடிதத்திலும் முக்கியமான வாக்கியம் அதுதான். 32 நாடுகளில் நடந்த இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வின் கணக்குப்படி, உலகில் வரும் ஸ்ட்ரோக்குகளில் கிட்டத்தட்ட பாதிக்கு உயர் ரத்த அழுத்தமே பொறுப்பு. அப்பாவுக்கு பிரஷர் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு அதிகம். அதில் ஜீனுக்கும் பங்கு உண்டு, ஒரே சட்டியில் ஊறிய ஊறுகாய்க்கும் பங்கு உண்டு.

ஆகவே முதலில் பிரஷர் பாருங்கள். தறியிலிருந்து எழுந்த வேகத்தில் பார்க்கக் கூடாது. காபி, சிகரெட் ஆகி அரை மணி நேரமாவது போகட்டும். முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை மேசைமேல் வைத்து, சட்டைக் கையைச் சுருட்டி இறுக்காமல் முழுவதும் கழற்றிவிட்டு, இரண்டு முறை பாருங்கள். வீட்டில் எடுக்கும்போது 135/85-க்கு மேல் தொடர்ந்து காட்டினால் மருத்துவரிடம் போக வேண்டும். கூடவே சர்க்கரையும் கொழுப்பும் ஒருமுறை.

ஆஸ்பிரின் உங்களுக்கு வேண்டாம். இதயநோயோ ஸ்ட்ரோக்கோ வராத ஒருவர் தானாக வாங்கிப் போட்டால் வயிற்றிலும், சில சமயம் மூளையிலும் ரத்தக்கசிவு வரலாம். அப்பா விஷயம் வேறு. அவருக்கு எழுதிக்கொடுத்த மாத்திரைகளை ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது. பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். அவருக்கு இசிஜியில் இதயத்துடிப்பு தாறுமாறாக இருந்ததா என்றும் பழைய ஃபைலில் பாருங்கள். அப்படி இருந்திருந்தால் ஆஸ்பிரின் போதாது, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வேறு மாத்திரை தேவைப்படும்.

தைலம் தேய்த்ததை நினைத்து வருந்தாதீர்கள், பல வீடுகளில் நடப்பதுதான். ஆனால் இனி யாருக்காவது வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால், மணியைக் குறித்துக்கொண்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம். கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் ஸ்கேனும் எடுத்தாக வேண்டும்.

அந்த 14,000-ல் ஒரு சின்னப் பங்குக்கே நல்ல டிஜிட்டல் பிரஷர் கருவி கிடைக்கும். கையில் கட்டுவதாக வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். அப்பாவுக்கும் உங்களுக்கும் காலை, மாலை ஒரு வாரம் பார்த்து நோட்டில் எழுதி எனக்கு அனுப்புங்கள்.