சஃபாரி சூட் மாட்டினால் மட்டும் 1974 வந்துவிடாது

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து ஒரு அரசியல் நகைச்சுவைப் படம் எடுக்கிறோம். கதை 1974இல், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், நிறவெறி ஆட்சி இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த் பகுதியில் நடக்கிறது. இந்தியர் உள்ளூர் விவகாரக் குழுவில் எப்படியாவது இடம்பிடிக்கத் துடிக்கும் மளிகைக் கடைக்காரர்தான் நாயகன். ஆடைக்குப் பணம் குறைவு. பள்ளிக்கூட மாறுவேடப் போட்டி மாதிரி ஆகிவிடாமல் எப்படிச் சமாளிப்பது?

பதில்: முதல் வேலையாக, எல்லாருக்கும் பெல்பாட்டம் மாட்டும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். 1974இல் ஐம்பது வயதைத் தாண்டியவர், தம்பி கல்யாணத்துக்கு 1962இல் தைத்த கோட்டைத்தான் இன்னும் போட்டுக்கொண்டிருப்பார். புது மோஸ்தர் இளைஞர்களோடு நிற்கட்டும். டிவி இங்கே வந்ததே 1976 ஜனவரியில்தான். அதுவரை பையன்கள் கிரே தெரு ஷாஜஹான் தியேட்டரில் பார்த்ததைத்தான் தையல்காரரிடம் போய்க் கேட்டிருப்பார்கள்.

அடுத்து நிறம். வீட்டு ஆல்பத்தைப் பார்த்துவிட்டு 'எழுபதுகள் என்றாலே செம்பழுப்பு' என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது துணியின் நிறமல்ல, போட்டோவின் நோய். அந்தக் காலக் கலர் பிரிண்டில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுத்துப்போவதால் படமே சிவந்துவிடும். தாத்தாவின் பழைய கால்சட்டை கிடைத்தால் இடுப்புப் பட்டியின் உள்தையலைப் பிரித்துப் பாருங்கள். வெயில் படாத அந்த இடத்தில் இருப்பதுதான் நிஜ நிறம். பெரும்பாலும் நீங்கள் நினைத்ததைவிடப் பளிச்சென்று இருக்கும்.

இப்போது நாயகன். அந்தக் குழுக்களுக்கு ஆலோசனை சொல்ல மட்டும்தான் உரிமை. நகராட்சி கேட்டாலும் கேட்கும், கேட்காமலும் போகும். கையில் அதிகாரம் இல்லாத மனுஷனுக்கு ஜோபியாவது நிறைய வேண்டாமா? நான்கு ஜோபி வைத்த வெளிர்நீல அரைக்கை சஃபாரி சூட் கொடுங்கள். ஒன்றில் பேனா, ஒன்றில் கண்ணாடி, மீதி இரண்டில் மடித்த மனுக்கள். வெள்ளைக்கார அதிகாரிக்கும் அதே வெளிர்நீலத்தில் சஃபாரி, ஆனால் அரைக்கால் சட்டை, முழங்கால்வரை சாக்ஸ், சாக்ஸில் செருகிய சீப்பு. இரண்டு பேரும் அருகருகே நின்றால் போதும், இவர் அவரைப் பார்த்துத்தான் தைத்துக்கொண்டார் என்பது வசனமில்லாமலே புரிந்துவிடும். பூப்போட்ட சட்டை, பெரிய கூலிங்கிளாஸ் என்று மேலே அடுக்காதீர்கள். நடிகர் தன் உடை சிரிப்புக்குரியது என்று நினைத்த நிமிஷமே சிரிப்பு போய்விடும்.

துணிக்குப் பழைய துணிக்கடைகளில் தேடுங்கள். கிரிம்ப்ளீன் கிடைத்தால் விடாதீர்கள். கனமான, கசங்காத பாலியெஸ்டர் பின்னல் துணி, அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. இன்றைய ஸ்ட்ரெட்ச் துணி உடம்போடு ஒட்டிக்கொண்டு காட்டிக்கொடுத்துவிடும். பழசாக்க டீத்தண்ணீரில் முக்குவது பருத்திக்குத்தான் சரி. நான் ஒருமுறை பாலியெஸ்டர் சட்டையை ராத்திரி முழுக்க ஊறவைத்தேன், காலையில் அது முன்பைவிடச் சுத்தமாக இருந்தது! பாலியெஸ்டருக்கு டிஸ்பர்ஸ் என்ற செயற்கை இழைச் சாயம் வாங்கி, கொதிநிலையை ஒட்டிய சூட்டில் காய்ச்ச வேண்டும். அதைவிட எளிய வழி உண்டு. முழங்கையிலும் உட்காரும் இடத்திலும் ஈரத்துணி வைக்காமல் நேரடியாக இஸ்திரி போடுங்கள், பல வருஷம் போட்டதுபோல் பளபளப்பு ஏறிவிடும். முதலில் ஒட்டுத்துணியில் சூடு பார்த்துக்கொள்ளுங்கள், உருகிவிடப் போகிறது.

பெண்களுக்கு நைலான் சேலை போதும். முந்தானை மடிப்பை மட்டும் இப்போதுபோல் கோடு போட்ட மாதிரி பின் குத்தி அடுக்க வேண்டாம்.

அப்புறம், பிப்ரவரியில் ஷூட்டிங் என்றால் நாயகனுக்கு ஒரே மாதிரி இரண்டு சஃபாரி சூட் தைத்துவிடுங்கள். டர்பன் புழுக்கத்தில் பாலியெஸ்டர் பத்தே நிமிஷத்தில் முதுகோடு ஒட்டும். மனு கொடுக்கும் காட்சிக்கு அந்த வியர்வை நல்லது, அடுத்த காட்சிக்கு ஆகாது.