தியானா போஷ்கோவிச்: கேட்டீர்கள், சொல்கிறேன்

செர்பிய வாலிபால் வீராங்கனை தியானா போஷ்கோவிச்சைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ரியோ ஒலிம்பிக்ஸிலிருந்து அவர் ஆட்டத்தை விடாமல் பார்த்து வருகிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அவர் பிறந்தது பொஸ்னியா என்கிறார்கள். பிறகு எப்படி செர்பியாவுக்கு ஆடுகிறார்?

1997 மார்ச் 8 அன்று அவர் பிறந்தது பொஸ்னியா ஹெர்ஸகோவினாவில்தான். வளர்ந்தது அங்கே பிலெச்சா என்ற சின்ன ஊரில். அது செர்பியர்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதி, இவரும் செர்பியர்தான். அவரோடு ஆடிய பிராங்கிட்சா மிஹைலோவிச்சும் பொஸ்னியாவில் பிறந்தவர்தான். வீட்டில் அக்கா தயானாவும் வாலிபால் வீராங்கனை. தியானா பதின்ம வயதிலேயே ஊரைவிட்டு செர்பியாவின் தலைநகர் பெல்கிரேடுக்குப் போய் பார்ட்டிசான் விசுரா கிளப்பில் சேர்ந்தார். 2015இல், 18 வயதில், இஸ்தான்புல்லின் எஜ்ஸாஜிபாஷி கிளப் அவரை எடுத்துக்கொண்டது.

கேள்வி: அண்ணா, நான் கல்லூரி அணியில் யூனிவர்சல் ஆடுகிறேன். அவர் இடது கை என்பது அவ்வளவு பெரிய விஷயமா? எனக்கு வலது கை.

பெரிய விஷயம்தான்மா. வலப்பக்கம் நின்று அடிக்கிற யூனிவர்சலுக்கு, அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற செட்டரிடமிருந்து பந்து இடப்பக்கமாக வருகிறது. உனக்கு அது உடம்பைக் கடந்து வலது தோளுக்கு வர வேண்டும். அவருக்கு இடது தோள் முதலிலேயே காத்திருக்கிறது. அந்தக் கண நேர லாபத்தில் எதிரே வலை மேல் கை நீட்டித் தடுக்கிறவர், அதாவது பிளாக் போடுகிறவர், கையை நகர்த்த முடியாமல் போய்விடும்.

வீடியோவில் பந்தைப் பார்க்காமல் அவர் கால்களை மட்டும் ஒரு தடவை பார். எழும்புவதற்கு முன் கடைசி இரண்டு அடி இடது, வலது என்று விழும். உனக்கு வலது, இடது. முதல் அடிகள் நிதானமாக இருக்கும், கடைசி இரண்டும் சட்டென்று நீளும். பின்வரிசையிலிருந்து எழும்பும்போதும் அதே தாளம்தான்.

ஆனால் அவரைப் பெரிய ஆட்டக்காரி ஆக்கியது இடது கை மட்டும் இல்லை. எதிரணியின் சர்வீஸை வாங்கும்போது பந்து தவறிப்போய், செட்டர் ஓடிப்போய் எப்படியோ உயரமாகத் தூக்கிப் போடுகிற பந்து இருக்கிறதே, அது யாரிடம் போகும்? யூனிவர்சலிடம்தான். எதிரே பிளாக் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து நிற்கும். செர்பியா இப்படிப்பட்ட பந்துகளைப் பல வருஷமாக அவரிடம்தான் கொடுக்கிறது. 1.93 மீட்டர் உயரம், வேகம் எல்லாம் இருந்தும், பிளாக்கின் வெளிக்கை விரலில் பட்டு வெளியே போகும்படி அடிக்கவும் அவருக்குத் தெரியும். நீ கற்றுக்கொள்ள வேண்டியது அதைத்தான். இத்தாலியின் பவோலா எகோனு வலது கை யூனிவர்சல்தான். பாரிஸ் ஒலிம்பிக்ஸில் தங்கம் வாங்கியிருக்கிறார். கவலைப்படாதே.

கேள்வி: என்னென்ன ஜெயித்திருக்கிறார்?

உலக சாம்பியன்ஷிப் இரண்டு முறை, 2018, 2022. இரண்டிலும் தொடரின் சிறந்த ஆட்டக்காரி விருது அவருக்கே. ஐரோப்பிய சாம்பியன்ஷிப் 2017, 2019. ஒலிம்பிக்ஸில் ரியோவில் வெள்ளி, டோக்கியோவில் வெண்கலம். உலக கிளப் பட்டம் 2016, 2023. பாரிஸில் காலிறுதியிலேயே இத்தாலியிடம் 0-3 என்று செர்பியா வெளியேறியது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கேள்வி: பத்து வருஷம் சோறு போட்ட கிளப்பை விட்டு, 2025இல் அதே ஊரில் பரம எதிரியான வக்கிஃப்பாங்குக்குப் போனது துரோகம் இல்லையா?

இந்தக் கேள்வியைப் பலர் கோபமாகவே கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: இல்லை. தொழில்முறை வாலிபாலில் இரண்டு வருஷத்துக்கு ஒரு கிளப் மாறுவது சாதாரணம். இவர் 2015இலிருந்து 2025 வரை ஒரே இடத்தில் இருந்தார். அந்தப் பத்து வருஷத்தில் துருக்கி லீக் பட்டம் ஒரு தடவைகூடக் கைக்கு வரவில்லை. வக்கிஃப்பாங்க்கும் ஃபெனர்பாஹ்சேயும் மாறி மாறித் தூக்கிப் போனார்கள். 2023 ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதியிலும் வக்கிஃப்பாங்கிடம்தான் தோற்றார்கள். 18 வயதில் வந்தவர் 28 வயதில் கிளம்பினார். ஆட்டக்காரிக்கு முழங்காலும் தோளும் எத்தனை வருஷம் தாங்கும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. கிடைக்காத பட்டத்தைத் தேடி அவர் போனது நியாயம்தான்.

கேள்வி: வருஷத்தில் எத்தனை மாதம் ஓய்வு கிடைக்கும்?

மாதக்கணக்கில் எல்லாம் கிடையாது. இலையுதிர் காலத்திலிருந்து வசந்தம் வரை கிளப், கோடையில் தேசிய அணி. 2021ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டோக்கியோ வெண்கலப் போட்டி ஆகஸ்ட் 8. ஐரோப்பிய சாம்பியன்ஷிப் தொடங்கியது ஆகஸ்ட் 18. செப்டம்பர் 4 அன்று பெல்கிரேடில் சொந்த மக்கள் முன்னால் இறுதி ஆடி இத்தாலியிடம் தோற்றார்கள். அப்புறம் உடனே கிளப் சீசன். மேசையில் தெரியும் பதக்கத்துக்குப் பின்னால் இந்த நாட்காட்டி இருக்கிறது.

கேள்வி: 70 லட்சம் பேர்கூட இல்லாத நாடு எப்படி இவ்வளவு தூரம் வந்தது?

பயிற்சியாளர் ஸோரன் தெர்ஸிச் 2002இல் பெண்கள் அணியை ஏற்றார். 2006 உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வந்தது. ஆண்கள் அணி யூகோஸ்லாவியா பெயரில் 2000 சிட்னி ஒலிம்பிக்ஸில் தங்கம் வாங்கியிருந்ததால், அங்கே பிள்ளைகளுக்கு வாலிபால் என்பது ஏற்கெனவே வீட்டுப் பேச்சுதான். உள்ளூர் லீகில் பெரிய பணம் இல்லை. அதனால் நல்ல ஆட்டக்காரிகள் சின்ன வயதிலேயே இத்தாலிக்கும் துருக்கிக்கும் போய், கோடையில் திரும்பும்போது உலகத் தரத்தில் திரும்புகிறார்கள்.

கேள்வி: ஒரே ஒரு மேட்ச் பார்க்கலாம் என்றால் எது?

2018 அக்டோபர் 20, யோகோஹாமா, இத்தாலிக்கு எதிரான உலக சாம்பியன்ஷிப் இறுதி. முதல் செட் போய்விட்டது, இரண்டாவதை 25-14 என்று எடுத்தார்கள், மூன்றாவது மறுபடி போனது. நான்காவதைப் பிடித்து ஐந்தாவதை 15-12 என்று முடித்தார்கள். எதிர்ப்பக்கம் எகோனு அந்த மேட்சில் மட்டும் 33 புள்ளி எடுத்தார். ஒரு பக்கம் வலது கை, மறுபக்கம் இடது கை. பந்து எங்கே போகும் என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும், இருந்தும் தடுக்க முடியவில்லை.

இன்னும் நேரமிருந்தால் டோக்கியோ வெண்கலப் போட்டி. தென் கொரியாவை 3-0 என்று ஜெயித்த ஆட்டம். செர்பியா எடுத்த 75 புள்ளிகளில் 33 அவருடையது.