வளவில நிக்கிற அந்த ஒத்தப்பூ என்ன? கேள்வி பதில்

கேள்வி (ஆரையம்பதி): சேர், மழை விட்ட மறுகா வளவெல்லாம் ஒரு சின்னப்பூ, நீட்டுத் தண்டில ஒண்டொண்டா நிக்கிது. போட்டோ அனுப்பிரிக்கன், பேர் சொல்லுங்க.

பதில்: தம்பி, பூவ மட்டும் மேல இருந்து எடுத்திரிக்கீங்க, எல்லாரும் விடுற பிழை இதுதான். இனிமே இலையும் நிண்ட நிலமும் சேத்து எடுங்க. நல்ல காலம், இதழ் நுனி தெளிவா விழுந்திரிக்கி. பெருசாக்கிப் பாருங்க, வெளிறின அஞ்சு இதழ், ஒவ்வொண்டுட நுனியிலயும் மூணு பல்லு, அரத்தால ராவி விட்ட மாதிரி, நடுவில மஞ்சள் குமிழ். பூத்தண்டு ஒரு சாண் வரும், அதில இலை இரிக்காது, மயிர்தான் சிலுத்துக்கிட்டு நிக்கும். இலையெல்லாம் கீழ, சோடி சோடியா, ஓரம் வெட்டு வெட்டா, தடவினா சொரசொரப்பு. இது வெட்டுக்காயப் பூண்டு, மூக்குத்திப்பூ எண்டும் சொல்றது. ட்ரைடாக்ஸ் புரோகம்பென்ஸ் எண்டது 1753ல சுவீடன் தாவர விஞ்ஞானி லின்னேயஸ் வெச்ச விஞ்ஞானப் பேர். தாத்தாப்பூ எண்டும் ஒரு பேர் இரிக்கி, காத்தான்குடியில தாத்தா எண்டா அக்கா, அங்க போய் இந்தப் பேரச் சொல்லி ஒரு வீட்டில எல்லாரையும் சிரிக்க வெச்சிட்டன்.

கேள்வி (சம்மாந்துறை): இது நம்மட நாட்டுப் பூண்டு இல்லயாமே சேர்? சின்ன வயசில இருந்தே பாக்குறனே.

பதில்: நாம பாத்தா நாட்டுப் பூண்டாகிடுமா? மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, தென்னமெரிக்காட சூடான பக்கம்தான் இதுட சொந்த ஊர். தொட்டாச்சுருங்கியும் அந்தப் பக்கத்து ஆள்தான். மிளகாயும் அங்க இருந்துதான் வந்த, அத மட்டும் ஆரும் கேக்குறல்ல.

கேள்வி (நிந்தவூர்): வரம்பு முழுக்க இதுதான் கிடக்கு. வேளாமைக்கு கேடா?

பதில்: தண்ணி நிக்கிற நிலம் இதுக்கு ஒத்து வராது, அதனால வட்டைக்குள்ள இறங்காது, வரம்போட நிண்டிடும். நல்ல வெயில், கொஞ்சம் காஞ்ச நிலம், ஆக்கள் மிதிச்ச இல்லாட்டி மண்வெட்டி போட்டுச் செத்தின இடம், கிரவல் ரோட்டுக்கரை, றெயில் பாதைக் கல்லுக்குள்ள, இப்பிடியான இடம்தான் அதுக்குப் பிரியம். அடர்ந்த நிழலுக்குள்ள தேடினா கிடைக்காது. பூ முத்தினா உருண்டையா பஞ்சு மாதிரி விரியும், ஊதிப் பாருங்க, ஒவ்வொரு விதைக்கும் இறகுக் குடை இரிக்கி, கச்சான் காத்து அடிக்கிற நாளையில அடுத்த வளவு, அதுக்கடுத்த வளவு எண்டு போய்க்கிட்டே இரிக்கும். ஒரு செடி ஆயிரத்துக்கு மேல விதை போடும். தண்டு நிலத்தில படுத்தா கணுவிலயும் வேர் விடும், அதனால வெட்டித் துண்டு துண்டா போட்டுட்டுப் போகாதீங்க, பஞ்சு விரிய முந்தி வேரோட புடுங்குங்க.

கேள்வி (வாழைச்சேனை): கரிசலாங்கண்ணி எண்டு நினைச்சு இதத்தான் அரைச்சு தலைக்கு வெச்சிட்டன் சேர், என்ன செய்ய?

பதில்: கழுவிட்டு சும்மா இரிங்க தங்கச்சி! கரிசலாங்கண்ணி ஈரத்தில, வாய்க்கால் ஓரத்தில நிக்கிறது. பூ இன்னும் பொடிசு, வெள்ளை இதழ் நூல் நூலா நிறைய, விதையில பஞ்சு இல்ல. இலையக் கசக்கினா கொஞ்ச நேரத்தில கை கறுத்திடும். இந்தப் பூண்டக் கசக்கினா பச்சை மட்டும்தான்.

கேள்வி (ஓட்டமாவடி): எங்கட பக்கம் வெள்ளைப்பூவா இடுப்பளவு உசரத்தில ஒண்டு நிக்கிது, இதேதானா?

பதில்: இடுப்பளவு எண்டா இல்ல. இலை கரட் இலை மாதிரி பிரிஞ்சு, உச்சியில பொடிப்பொடியா வெள்ளைப்பூ நிறைய எண்டா பார்த்தீனியம் எண்ட களையா இரிக்கும். வெறுங்கையால தொடாதீங்க, தோல் கடிச்சுத் தடிக்கும். விவசாயப் போதனாசிரியருக்கு உடனே சொல்லுங்க.

கேள்வி (திருக்கோவில்): பேர்தான் வெட்டுக்காயப் பூண்டு, நெசமா காயத்துக்குப் போடலாமா?

பதில்: எங்கட அம்மா அரிவாள் பட்ட விரலுக்கு கசக்கி வெச்சவ, நாட்டு வைத்தியத்திலயும் அந்தப் பழக்கம் இரிக்கி. ஆனா ரோட்டுக்கரை இலையில மாடு மூத்திரமும் களைநாசினியும் பட்டிரிக்கும். ஆழமான காயம், துருப்பிடிச்ச ஆணி, சீனி வருத்தக்காரர்ர கால்ப்புண் எண்டா நேர ஆஸ்பத்திரிக்குப் போங்க.

கேள்வி (களுவாஞ்சிகுடி): முடிவா புடுங்கவா, விடவா?

பதில்: தோட்டப் பாத்தியில எண்டா புடுங்குங்க. நான் கிணத்தடிக்கு அங்கால ரெண்டடி நிலத்த விட்டிரிக்கன், வெயில் ஏறின உடன பொடி வண்ணாத்திப்பூச்சியெல்லாம் அதுக்குத்தான் வருது, நீலம் ஒண்டு, மஞ்சள் ரெண்டு. மனுசி இன்னமும் ஏசிக்கிட்டுத்தான் இரிக்கிறா.