வாசகர் கேள்விகள்: மரணச் செய்தியும் இளம் மனமும்

கேள்வி: தற்கொலைச் செய்தியே இன்னொரு தற்கொலையைத் தூண்டும் என்கிறார்கள். கொலை, விபத்து, தற்கொலை என்று தினமும் எத்தனையோ செய்தி வருகிறது. அதைப் படித்துவிட்டா ஒரு பிள்ளை உயிரை மாய்த்துக்கொள்ளும்? வீட்டிலும் பள்ளியிலும் உள்ள குறையை மறைக்கப் பத்திரிகை மேல் பழி போடுவதாகத் தோன்றுகிறது.
– கல்லூரி ஆசிரியர், திருச்சி

பதில்: எந்தத் தற்கொலைக்கும் ஒற்றைக் காரணம் கிடையாது. செய்தியும் தனியாக யாரையும் கொல்வதில்லை. ஆனால் ஏற்கெனவே மனம் உடைந்து, வாழ்வதா சாவதா என்று ஊசலாடிக்கொண்டிருக்கும் ஒருவரை அது ஒரு பக்கம் சாய்த்துவிடும். அமெரிக்கச் சமூகவியலாளர் டேவிட் ஃபிலிப்ஸ், 1947 முதல் 1968 வரை நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் வந்த தற்கொலைச் செய்திகளை நாட்டின் இறப்புக் கணக்கோடு ஒப்பிட்டு 1974இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அந்தச் செய்திகளுக்குப் பிறகு தற்கொலைகள் கூடியிருந்தன. செய்தி எவ்வளவு பெரிதாக வந்ததோ, ஏற்றமும் அவ்வளவு பெரிதாக இருந்தது. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2020இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரை இன்னும் தெளிவாகச் சொல்கிறது: பிரபலம் ஒருவரின் தற்கொலை பெரிய செய்தியான பின் வரும் வாரங்களில் தற்கொலைகள் சுமார் 13 சதவீதம் கூடுகின்றன. எந்த முறையில் இறந்தார் என்று எழுதப்பட்டிருந்தால், அதே முறையில் நேரும் இறப்புகள் சுமார் 30 சதவீதம் கூடுகின்றன.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வியன்னாவில் 1978இல் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது. 1984க்குப் பிறகு அதில் தற்கொலைகள் வேகமாகப் பெருகின. பத்திரிகைகள் ஒவ்வொன்றையும் படம் போட்டுப் பரபரப்பாக எழுதிக்கொண்டிருந்தன. 1987 நடுவில் ஆஸ்திரியத் தற்கொலைத் தடுப்புச் சங்கம் எழுத்து நெறி ஒன்றை வகுத்துக் கொடுத்தது. பத்திரிகைகள் அதை ஏற்று, சில செய்திகளைக் கைவிட்டன. மற்றவற்றை உள்பக்கத்தில் சில வரியில் முடித்துக்கொண்டன. அந்த ஆண்டின் முதல் பாதியோடு ஒப்பிட்டால், இரண்டாம் பாதியில் சுரங்க ரயில் தற்கொலைகளும் முயற்சிகளும் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. ஆகவே இதைப் பழி போடுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மற்ற காரணங்களைச் சரிசெய்யப் பல ஆண்டுகள் ஆகும். செய்தி எழுதும் விதத்தை மட்டும் ஒரு பத்திரிகையின் ஆசிரியர் குழு இன்று மாலையே மாற்றிவிடலாம்.

கேள்வி: எங்கள் மாவட்டப் பக்கத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று தற்கொலைச் செய்தி வருகிறது. காவல் நிலையத்தில் சொல்வதைத்தான் எழுதுகிறோம். எதை வெட்ட வேண்டும், எதை விட வேண்டும்?
– செய்தியாளர், திண்டுக்கல்

பதில்: முதல் தகவல் அறிக்கை புலனாய்வுக்காக எழுதப்படுவது. அதில் இருக்கிறது என்பதாலேயே அது செய்திக்கு உரியதாகிவிடாது. உலக சுகாதார நிறுவனத்தின் நெறிகளைத் தழுவி இந்தியப் பத்திரிகை மன்றம் 2019 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் உங்களுக்கும் பொருந்தும்.

முறை, பொருளின் பெயர், அளவு, எங்கே வாங்கினார் என்பது எதுவும் வேண்டாம். பாலம், அணை, மாடி என்று இடத்தைக் குறிக்க வேண்டாம். ஊர் அல்லது மாவட்டம் போதும். கடிதம் கிடைத்திருந்தால் அதன் வாசகமும் படமும் வேண்டாம். பள்ளிக் குழுவிலிருந்தோ முகநூலிலிருந்தோ எடுத்த சிரித்த முகப் படம் நிச்சயமாக வேண்டாம். அதே வயதுப் பிள்ளை அந்த முகத்தில் தன்னைப் பார்க்கிறது. 'மதிப்பெண் குறைந்ததால்', 'செல்போன் தராததால்' என்று ஒரே காரணத்தில் முடிக்காதீர்கள். நாளை மதிப்பெண் குறையப்போகும் ஆயிரம் பிள்ளைகளுக்கு இது ஒரு வழி என்று அந்த வாக்கியம் கற்றுக்கொடுக்கிறது. மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெறுபவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 24ஆம் பிரிவு, தடுக்கிறது.

எழுத வேண்டியது இவ்வளவுதான்: "தேனி மாவட்டத்தைச் சேர்ந்த 17 வயது மாணவி நேற்று உயிரிழந்தார். தற்கொலை என்ற கோணத்தில் காவல்துறை விசாரிக்கிறது." அதன் கீழே, செய்தியின் எழுத்தளவிலேயே: "மன உளைச்சலில் இருப்பவர்கள் 14416 (டெலிமனஸ், 24 மணி நேரமும், தமிழிலும்), 104 அல்லது சென்னை சினேகா அமைப்பின் 044-24640050 எண்ணில் பேசலாம்."

நீங்கள் கவனமாக எழுதினாலும் செய்தி வேறு மேசையில் கெட்டுப்போகும். தலைப்பு வைக்கும் துணை ஆசிரியர் முறையைத் தலைப்பிலேயே போட்டுவிடுவார். இணையப் பிரிவு அதை 'நெஞ்சை உலுக்கும் கடைசி நிமிடங்கள்' என்று மாற்றும். யூடியூப் முகப்புப் படத்தில் சிவப்பு வட்டம் ஏறும். எல்லாவற்றையும்விட மோசமானது 'தொடர்புடைய செய்திகள்' பட்டியல். அது தானாக ஓடி, இந்தச் செய்திக்குக் கீழே இதே போன்ற ஐந்து மரணங்களை அடுக்கிவைக்கும். இணையப் பிரிவிடம் சொல்லி, இந்த வகைச் செய்திக்கு அந்தப் பட்டியலையும் விளம்பரத்தையும் நிறுத்திவைக்கச் செய்யுங்கள். உதவி எண்களை மாதம் ஒருமுறை நீங்களே அழைத்துச் சரிபாருங்கள். 14417 தமிழகப் பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண். 14416 என்று போட வேண்டிய இடத்தில் அது எளிதாக நுழைந்துவிடும்.

கேள்வி: இப்படி அடக்கி வாசித்தால் அநீதி எப்படி வெளியே வரும்? நீட் போன்ற ஒரு தேர்வு பிள்ளைகளை நசுக்குகிறது என்றால், அந்த மரணங்களைப் பேசாமல் எப்படிப் போராடுவது?
– மாணவர் அமைப்பு நிர்வாகி, மதுரை

பதில்: அநீதியைப் பேசுங்கள், உரக்கவே பேசுங்கள். பயிற்சி மையக் கட்டணம், கிராமத்துப் பள்ளிக்கும் நகரத்துப் பள்ளிக்கும் உள்ள இடைவெளி, ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப எழுதும் பிள்ளைகளின் நிலை, இவற்றுக்கெல்லாம் ஆவணமும் புள்ளிவிவரமும் கிடைக்கும். ஒரு பிள்ளையின் மரணத்தையே வாதமாக முன்வைப்பதுதான் ஆபத்து. உயிரோடு இருந்தபோது யாரும் கேட்காத குரலை இறந்த பிறகு ஊரே கேட்கிறது, தலைவர்கள் வீடு தேடி வருகிறார்கள், சுவரொட்டி ஒட்டப்படுகிறது. இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொரு பிள்ளைக்குப் போய்ச் சேரும் சேதி நீங்கள் நினைத்த சேதி அல்ல. 'தியாகம்', 'உயிர்ப்பலி' போன்ற சொற்களைத் தட்டியிலிருந்தும் மேடையிலிருந்தும் எடுத்துவிடுங்கள். அதே தேர்வில் தோற்று, இருண்ட எண்ணங்களைக் கடந்து வேறு படிப்புக்குப் போனவர்களைப் பேசவையுங்கள். ஆஸ்திரியாவில் 2005இல் வந்த பத்திரிகைச் செய்திகளை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வில், நெருக்கடியைத் தாண்டி வந்தவர்களைப் பற்றிய செய்திகளுக்குப் பின் தற்கொலைகள் குறைந்திருந்தன.

கேள்வி: தேர்வு முடிவு நாளில் உள்ளூர் கேபிள் சேனல் பள்ளிக்கு வந்துவிடும். என்ன பேசலாம்?
– தலைமையாசிரியை, அரியலூர்

பதில்: முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017லேயே கைவிட்டது, கேமரா முன்பும் அதையே பின்பற்றுங்கள். உங்கள் முதல் வாக்கியம் துணைத் தேர்வைப் பற்றியதாக இருக்கட்டும்: எந்தத் தேதிக்குள், எங்கே விண்ணப்பிப்பது, தேறினால் இந்த ஆண்டே மேற்படிப்பில் சேரலாம் என்பது. தேறாத பிள்ளைகளின் பட்டியலை முடிவுக்கு முந்தைய நாளே வகுப்பாசிரியர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது என்பதால், எந்த ஆசிரியர் எந்தப் பிள்ளைகளை அழைத்துப் பேசுவது என்பதையாவது முன்கூட்டியே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் மகளின் போனில் சோக ரீல்ஸ்தான் வரிசையாக வருகிறது. பிடுங்கி வைத்துவிடலாமா?
– தாய், ஈரோடு

பதில்: பிடுங்கினால் அடுத்த முறை மறைத்துப் பார்ப்பாள். அவளோடு உட்கார்ந்து செய்யுங்கள். இன்ஸ்டாகிராம் அமைப்புகளில் 'கன்டென்ட் பிரிஃபரன்சஸ்' பகுதிக்குள் பரிந்துரைகளை அழித்துப் புதிதாகத் தொடங்கும் வசதி இருக்கிறது. யூடியூபில் பார்த்தவற்றின் வரலாற்றை அழித்து நிறுத்திவைத்தால் முகப்பில் பரிந்துரை வருவது நின்றுவிடும். இது முதல் படிதான். சோக வீடியோ ஒன்றைக் கடைசி வரை பார்த்தாலே வரிசை மீண்டும் சேரத் தொடங்கும். லண்டனில் 2017இல் இறந்த 14 வயதுச் சிறுமியின் மரணத்துக்கு இணையத்தில் அவள் பார்த்தவையும் மிகச் சிறிய அளவுக்கு மேலாகவே பங்களித்தன என்று மரண விசாரணை அதிகாரி 2022இல் பதிவுசெய்தார். அதனால் கேள்வியை நேராகவே கேளுங்கள்: "சாகலாம்னு தோணுதாம்மா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் அன்றைக்கே 14416 மனநல உதவி எண்ணை அழையுங்கள். தனியாக விடாதீர்கள்.

கேள்வி: மோசமான செய்தி வந்தால் எங்கே புகார் செய்வது?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: நாளிதழ், வார இதழ் என்றால் முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள். பலன் இல்லையென்றால், வெளியான இரண்டு மாதத்துக்குள் பத்திரிகை மன்றத்துக்கு அனுப்பலாம். மன்றம் கண்டிக்கும், அபராதம் போடும் அதிகாரம் அதற்கு இல்லை. தொலைக்காட்சி என்றால் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 2021இல் வந்த திருத்தத்தின்படி சேனல் 24 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் சேனல்களின் சுயக்கட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். சேனலின் பெயர், தேதி, நேரம், ஒளிபரப்பான வாசகம் நான்கும் புகாரில் இருக்கட்டும். காணொளியை நீக்கிவிடுவார்கள், எழுதுவதற்கு முன்பே பதிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை யாருக்கும் பகிர வேண்டாம்.