மூன்று விசுவாசங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் செவிலியர், சங்க உறுப்பினரும்கூட. ஆள் பற்றாக்குறையை எதிர்த்து எங்கள் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்திருக்கிறது. கலந்துகொண்டால் நிறுவனத்துக்குத் துரோகம் என்கிறது நிர்வாகம். தயங்கினால் கருங்காலி என்கிறார்கள் தோழர்கள். வார்டில் படுத்திருப்பவர்களை நினைத்தால் எந்தப் பக்கமும் மனம் ஒட்டவில்லை. நான் யாருக்கு விசுவாசமாக இருக்க வேண்டும்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

ஒரு பக்கம் பற்று வைத்தால் மறுபக்கம் குறைந்துவிடும் என்றே இரு தரப்பும் நினைக்கின்றன. சிகாகோவின் இறைச்சித் தொழிற்சாலை ஒன்றில் ஊழியர்களைப் பேட்டி கண்ட தியடோர் பர்செல் என்ற பாதிரியார் 1953இல் வெளியிட்ட ஆய்வு, பெரும்பாலோர் நிறுவனத்தின் மீதும் சங்கத்தின் மீதும் ஒருசேரப் பற்று வைத்திருந்ததைக் காட்டியது. இந்த இரட்டைப் பற்று, நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் உறவு சுமுகமாக உள்ள இடத்தில் வலுவாக இருப்பதை 1986இல் பேருந்துப் போக்குவரத்து நிறுவனங்களை ஆராய்ந்த ஆங்கிளும் பெர்ரியும் கண்டனர். எனவே உங்கள் தவிப்புக்கான பொறுப்பில் பெரும்பங்கு நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் உரியது.

தொழில் மீதான விசுவாசம் வேறு வகை. அதற்கு உரியவரான நோயாளி எந்தப் பேச்சுவார்த்தையிலும் உட்காருவதில்லை. அந்த விசுவாசம் சோதிக்கப்படுவது வேலைநிறுத்த நாளில் மட்டுமல்ல. ஆள் போதாத இரவுப் பணியில், பத்து மணி ஊசியைப் பதினொன்றரைக்குப் போட நேர்ந்த செவிலியர், நோயாளியின் பதிவேட்டில் எந்த நேரத்தை எழுதுகிறார் என்பதிலும்தான். பத்து என்று எழுதினால் நிர்வாகத்துக்கு நிம்மதி. ஆனால் பற்றாக்குறைக்கான சான்று அங்கேயே அழிந்துவிடுகிறது, சங்கத்தின் வழக்கும் வலுவிழக்கிறது. உண்மையான நேரத்தை எழுதுபவர் மூவருக்குமே விசுவாசமானவர், நிர்வாகம் அதை ஒப்புக்கொள்ளாவிட்டாலும்.

மருத்துவமனைப் பணி அத்தியாவசியமானது என்பதால் வேலைநிறுத்த உரிமைக்கு வரம்பு விதிக்கலாம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கண்காணிப்புக் குழுக்கள் ஏற்கின்றன. அப்படி விதித்தால் ஊழியர்களுக்குப் பாரபட்சமற்ற நடுவர் தீர்ப்பு போன்ற மாற்றுவழி வேண்டும் என்றும் வலியுறுத்துகின்றன. (நிர்வாகங்கள் முதற்பாதியோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளும்.)

கோரிக்கை நோயாளியின் பாதுகாப்பையும் சார்ந்தது என்பதால், சட்டம் இடங்கொடுக்குமானால் நீங்கள் போராட்டத்தில் சேர்வதே சரி என்பது என் கருத்து. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் அவசரப் பிரிவிலும் பிரசவ அறையிலும் அந்நாட்களில் யார் யார் பணியில் இருப்பார்கள் என்ற பட்டியலைப் பொதுக்குழுவில் எழுத்து வடிவில் கேளுங்கள். தர மறுத்தால், அப்பிரிவுகளில் பணிக்குச் செல்லுங்கள். கருங்காலி என்ற பெயர் வந்தாலும் பரவாயில்லை.