மேலே தெரிந்த மங்கலான பட்டை

கேள்வி: மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வளர்ச்சி ஹார்மோன், புரோலாக்டின் (பால் சுரக்க உதவும் ஹார்மோன்) மரபணுக்களை முடுக்கும் பிட்-1 புரதத்துக்கு ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வடிவங்களாம். ஆல்ஃபாவில் 291 அமினோ அமிலங்கள். பீட்டாவில் 26 கூடுதல். இவ்வளவுதானே? இதற்கு எதற்குத் தனிப்பெயர்?
– முதுகலை மாணவி ஒருவர்

பதில்: அந்த 26-ஐக் குப்பையில் போட்டவன் நான். ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது, எலி பிட்யூட்டரியின் ஆர்.என்.ஏ.விலிருந்து பிட்-1 துண்டைப் பி.சி.ஆரில் (குறிப்பிட்ட துண்டை மட்டும் பல லட்சம் பிரதிகளாக்கும் முறை) பெருக்கி, துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டுவேன். தடித்த பட்டைக்குச் சற்று மேலே, கண்ணை இடுக்கிப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி இன்னொன்று நிற்கும். ப்ரைமர் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு துண்டு) தப்பாக ஒட்டியிருக்கும் என்று நானே முடிவு கட்டி, கீழ்ப்பட்டையை மட்டும் பிளேடால் அறுத்து எடுத்துக்கொண்டு மீதி ஜெல்லைத் தொட்டியில் எறிந்துவிடுவேன்.

எறிந்தது பீட்டா. முதல் இன்ட்ரானை (ஆர்.என்.ஏ.விலிருந்து நீக்கப்படும் இடைப்பகுதி) வெட்டி ஒட்டும்போது செல் வழக்கமான இடத்தில் வெட்டாமல் 78 எழுத்து முன்னதாகவே வெட்டிவிட்டால், அந்த 78-ம் புரதத்துக்கான ஆர்.என்.ஏ. செய்தியில் தங்கிவிடும். மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம். மூன்றால் வகுத்தால் மீதியில்லாமல் 26. அதனால் பின்னால் வரும் வாசகம் குலைவதில்லை.

செருகல் எங்கே விழுகிறது என்பதில்தான் சூட்சுமம். டி.என்.ஏ.வைப் பிடிக்கும் பகுதி புரதத்தின் பின்பாதியில். அதற்கு ஒரு கீறலும் இல்லை. முன்பாதியில், மற்ற புரதங்களைத் துணைக்கு அழைக்கும் பகுதியில்தான் 26-ம் உட்காருகிறது. ஆக, பீட்டாவும் டி.என்.ஏ.வில் அதே இருக்கையில் போய் அமரும். ஆனால் வேலை நடக்க விடாது. பிட்யூட்டரி செல்களில் புரோலாக்டின் மரபணுவை ஆல்ஃபா முடுக்க, பீட்டா அடக்குகிறது. அங்குள்ள ஹிஸ்டோன்களில் (டி.என்.ஏ. சுற்றியிருக்கும் புரதங்கள்), மரபணு இயங்குவதைக் காட்டும் அசிட்டைல் குறிகள்கூடக் குறைந்துவிடுகின்றன. பிட்யூட்டரி அல்லாத செல்களில் வைத்துச் சோதித்தால் இந்த அடக்குமுறை அப்படியே தெரிவதில்லை. பாடப்புத்தக அட்டவணையில் 'முடுக்கி', 'அடக்கி' என்று ஒற்றைச் சொல்லில் எழுதுவது எனக்குப் பிடிக்காததற்கு இதுதான் காரணம்.

மனித பிட்யூட்டரியில் சாதாரணமாக ஆல்ஃபாதான் மிகுதி, பீட்டா சொற்பம். 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், பிட்யூட்டரி ஹார்மோன் குறைபாடுள்ள சில குடும்பங்களில் இந்த விகிதம் தலைகீழாகியிருந்தது தெரிந்தது: பீட்டாவுக்குரிய பகுதியில் ஓர் எழுத்து மாறியதால் வெட்டும் இடம் இடம்பெயர்ந்து பீட்டா பெருகியிருந்தது. மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று மாறினாலே போதும். அமினோ அமிலத்தையே மாற்றாத 'மௌன' எழுத்து மாற்றங்களிலும் சில இப்படி வெட்டைக் கெடுப்பதை அதே ஆய்வு காட்டியது. புரத வரிசையை மட்டும் பார்த்து 'பாதிப்பில்லை' என்று எழுதியிருந்தால், தப்பிப்போயிருக்கும்.

செய்முறை வகுப்பில் இதை நீங்கள் ஓட்டுவதானால், துண்டு சில நூறு எழுத்துகளுக்கு மேல் போகாதபடி ப்ரைமர்களை வையுங்கள். இரண்டு சதவீத அகரோஸ் ஜெல், குறைந்த வோல்டேஜ். மேலே மங்கலாகத் தெரிவதையும் அறுத்து வரிசை பாருங்கள்.