ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு புது ஏஜென்சியில் சேரச் சொல்கிறார்கள்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: தென்மாவட்ட மாநகராட்சி ஒன்றின் மண்டல அலுவலகத்தில், பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் ஏழு வருடமாக கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருக்கிறேன். முதலில் சுயஉதவிக் குழு மூலம் சம்பளம் வந்தது, பிறகு ஒரு ஏஜென்சி மூலம். இப்போது நிதி இல்லை என்று சொல்லி மறு டெண்டர் விட்டு, அடுத்த மாதம் வேறு ஏஜென்சி வருகிறது. பழைய ஏஜென்சிக்கு ராஜினாமா கடிதம், புதிய ஏஜென்சிக்குச் சேர்க்கைப் படிவம், கூடவே எதுவும் எழுதாத முத்திரைத்தாள் ஒன்று, மூன்றிலும் கையெழுத்துக் கேட்கிறார்கள். 15,000 ரூபாய் சம்பளமும் குறையும் என்கிறார்கள். ஐந்து மாத பிஎஃப் பணம் பாஸ்புக்கில் ஏறவில்லை. கண்காணிப்பாளரைக் கேட்டால், “அது உங்களுக்கும் ஏஜென்சிக்கும் உள்ள விஷயம்” என்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள், வேலை முக்கியம். ராஜினாமா மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். வெற்று முத்திரைத்தாளில் யார் சொன்னாலும் கையெழுத்து வேண்டாம், “எல்லாரும் போட்டுவிட்டார்கள், நீ மட்டும் ஏன்” என்று கேட்டாலும் வேண்டாம்.

நீங்கள் வேலையை விடவில்லை. ஒப்பந்ததாரர் மாறுகிறார், அவ்வளவுதான். ராஜினாமா கொடுத்தால் நீங்களாக விலகியதாக ஆவணம் பேசும். அப்புறம் ஆட்குறைப்பு இழப்பீடு கேட்கும் வழியும் அடைபடும், ஏழு வருடம் ஒரே பிரிவில் இடைவெளி இல்லாமல் வேலை பார்த்தேன் என்று நாளை சொல்லும் வாதமும் பலவீனமாகும். ஏதாவது எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று நெருக்கினால், உங்கள் கையெழுத்திலேயே, “ஒப்பந்ததாரர் மாறுவதால் புதிய ஒப்பந்ததாரரிடம் பதிவு செய்துகொள்கிறேன், இதுவரையிலான பணிக்காலத்துக்கான உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை” என்று எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள். கொடுக்கும் முன் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதே விஷயத்தை ஆணையருக்கும் கடிதமாக எழுதி, ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். உங்களோடு வேலை பார்ப்பவர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் ரொம்ப நல்லது, தனியாக ஒருவரைக் குறிவைப்பது கஷ்டமாகிவிடும்.

அடுத்து கண்காணிப்பாளர் சொன்னது. அது தவறு. நீங்கள் பார்க்கிற வேலைக்கு மாநகராட்சிதான் முதன்மை வேலையளிப்பவர், அதாவது ஒப்பந்ததாரர் மூலம் ஆளை வைத்து வேலை வாங்குகிறவர். ஒப்பந்ததாரர் சம்பளம் கொடுக்கவில்லை என்றாலும் குறைத்துக் கொடுத்தாலும், அதைக் கொடுத்துத் தீர்த்துவிட்டு ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டியது முதன்மை வேலையளிப்பவர்தான் என்று 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே சொன்னது. பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகளிலும் இந்தப் பொறுப்பு போகவில்லை. மாறியது எண்ணிக்கைதான். முன்பு 20 ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தால் சட்டம் பொருந்தும், இப்போது 50 பேர் வேண்டும். உங்கள் பிரிவில் நான்கு பேர்தானே என்று யாராவது சொன்னால் மயங்க வேண்டாம், பிரிவை வைத்து எண்ணுவதில்லை. பிஎஃப் விஷயத்திலும் இதே கதைதான். ஒப்பந்ததாரர் மூலம் வேலைக்கு வைத்தவர்களுக்கும் இரண்டு பங்கையும் செலுத்தும் பொறுப்பு முதன்மை வேலையளிப்பவருக்கு உண்டு என்று வருங்கால வைப்புநிதித் திட்டத்தில் நேரடியாகவே எழுதியிருக்கிறது.

“நிதி இல்லை” என்கிறார்களே, அந்தக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். உங்கள் மொத்தச் சம்பளம் 15,000. அதில் உங்கள் பிஎஃப் பங்கு 12 சதவீதம், 1,800 ரூபாய். இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம், 113 ரூபாய். கையில் வர வேண்டியது 13,087. இதற்கு மேல் வேலையளிப்பவர் தன் பங்காக பிஎஃப், காப்பீடு, நிர்வாகக் கட்டணம் எல்லாம் சேர்த்து 13 சதவீதம், 1,950 ரூபாய் கட்ட வேண்டும். இஎஸ்ஐ 3.25 சதவீதம், 488 ரூபாய். ஆக 17,438. ஏஜென்சியின் சேவைக் கட்டணம் 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 18,310 ஆகிறது. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வந்தால் 21,606. உள்ளாட்சிப் பணிகள் சிலவற்றுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு, அதனால் எல்லா இடத்திலும் இந்தத் தொகை வராது. ஆனால் வருகிற இடத்தில், உங்கள் கைக்கும் வராமல் உங்கள் பிஎஃப் கணக்குக்கும் போகாமல் தலைக்கு 4,168 ரூபாய் மாதா மாதம் வெளியே போகிறது. இதைச் சிக்கனம் என்று எப்படிச் சொல்வது? சம்பளம் என்ற தலைப்பில் இருந்த செலவு, சேவைக்கான கொடுப்பனவு என்ற தலைப்புக்கு இடம் மாறுகிறது. பணியிட எண்ணிக்கை குறைந்ததாகக் கணக்குக் காட்ட முடிகிறது.

இது நேற்று தொடங்கியதல்ல. தமிழ்நாட்டில் 2001 நவம்பரில் புதிய நியமனங்களுக்குத் தடை போட்டார்கள், 2006 பிப்ரவரியில்தான் அது விலகியது. வேலை மட்டும் நிற்கவில்லை, அந்த இடத்துக்குத் தினக்கூலியும் தொகுப்பூதியமும் வந்தன. 2022 அக்டோபரில் வந்த அரசாணை 152, மாநகராட்சிகளின் கடைநிலைப் பணிகளை வெளிமுகமைக்கு விட வழி செய்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். டெண்டரில் யார் குறைந்த சேவைக் கட்டணம் போடுகிறார்களோ அவர்களுக்கே வேலை. அப்படி அடிமாட்டு விலைக்கு எடுக்கிற ஏஜென்சி லாபத்தை எங்கே பார்க்கும்? உங்கள் பிஎஃப்பில், சீருடைப் பிடித்தத்தில், “அட்மின் சார்ஜ்” என்று சம்பளச் சீட்டில் ஏறும் வரியில். வேலையளிப்பவரின் 13 சதவீதத்தையும் உங்கள் 15,000-லேயே கழிப்பதுதான் அதிகம் நடக்கிற தில்லுமுல்லு. வேலையளிப்பவர் பங்கைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கவே கூடாது. சம்பளச் சீட்டில் பிஎஃப் 1,800-ஐத் தாண்டியிருந்தால் அங்கேயே பிடித்துக்கொள்ளலாம்.

ஏறாத ஐந்து மாதத்துக்கு வருவோம். பிஎஃப்பை நிர்வகிக்கும் இபிஎஃப்ஓ அமைப்பின் இணையதளத்தில் நிறுவனப் பெயரைத் தேடினால், அந்த ஏஜென்சி எந்த மாதம் எத்தனை பேருக்கு எவ்வளவு கட்டியது என்று தெரியும், அதற்கு லாகின் தேவையில்லை. ஐந்து மாதமும் யாருக்கும் கட்டவில்லையா, உங்களுக்கு மட்டும் கட்டவில்லையா என்பது அதில் பிடிபடும். அந்தப் பக்கத்தையும் உங்கள் பாஸ்புக்கையும் அச்செடுத்து, பிஎஃப் அலுவலகக் குறைதீர் தளத்தில் புகார் போடுங்கள். புகாரில் ஏஜென்சியின் பெயரோடு மாநகராட்சியின் பெயரையும் கட்டாயம் சேர்க்க வேண்டும், பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பழைய ஏஜென்சிக்குச் சேர வேண்டிய கடைசி பில்லும் வைப்புத் தொகையும் மாநகராட்சியிடம் இருக்கும்வரைதான் உங்களுக்குப் பிடி. அது பட்டுவாடா ஆகிவிட்டால் துரத்திப் பிடிப்பது சிரமம். அதனால் இந்த மாதமே எழுதுங்கள்.

புதிய ஏஜென்சியிடம் உங்கள் பழைய யுஏஎன் எண்ணையே, அதாவது வேலை மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்ணையே, கொடுங்கள். புது எண் போட விடாதீர்கள். “கணக்கு முடிந்தது, எடுத்துக்கொள்ளலாமே” என்று யாராவது சொன்னாலும் பிஎஃப் பணத்தை இப்போது முழுதாக எடுக்காதீர்கள். ஓய்வூதியத்துக்குப் பத்து வருடப் பணிக்காலம் வேண்டும், நீங்கள் ஏழில் நிற்கிறீர்கள், ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்த ஏழும் போய்விடும். இஎஸ்ஐ எண்ணும் பழையதே தொடர வேண்டும். நோய்க்கால உதவித்தொகைக்கு ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் கணக்கில் இருக்க வேண்டும், மகப்பேறு உதவிக்கும் இதுபோல நாள் கணக்கு உண்டு.

சம்பளக் குறைப்பைப் பற்றி: சென்னையில் 2025-இல் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்தபோது, ஆகஸ்ட் 1 முதல் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன் தொழிலாளர்கள் உட்கார்ந்தார்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். சுமார் 23,000 ரூபாயிலிருந்து 17,000-க்கும் கீழே போகும் என்பதும் அவர்களின் முக்கியக் குறை. உயர் நீதிமன்றம் தனியார்மயத் தீர்மானத்தை ரத்து செய்யவில்லை, ஆனால் கடைசியாக வாங்கிய சம்பளத்துக்குக் குறையாமல் கிடைக்க வழி செய்யுமாறு மாநகராட்சியிடம் சொன்னது. ஆணையருக்கு எழுதும் கடிதத்தில் இதைக் குறிப்பிடுங்கள். உங்கள் வழக்குக்கு அது தானாகப் பொருந்திவிடாது, இருந்தாலும் பேசுவதற்கு நல்ல பிடிமானம்.

பணி நிரந்தரம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மனதில் இருக்கும் என்று தெரியும். 2001-இல் செயில் (இந்திய எஃகு ஆணையம்) வழக்கில், ஒப்பந்த முறை ஒழிந்தாலும் தொழிலாளர்கள் தானாக நிரந்தரமாகிவிட மாட்டார்கள், ஒப்பந்தம் வெறும் கண்துடைப்பு என்று நிரூபித்தால்தான் வழி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. முறையான தேர்வு இல்லாமல் சேர்ந்த தற்காலிக ஊழியர்கள் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்ற 2006 உமாதேவி தீர்ப்பு கதவை இன்னும் இறுக்கியது. சமீபத்தில் காற்று கொஞ்சம் மாறியிருக்கிறது. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கு, 2025 ஆகஸ்டில் தரம்சிங் வழக்கு, இரண்டிலும் நீண்டகாலத் தற்காலிக ஊழியர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. தரம்சிங் தீர்ப்பில், அன்றாடம் தேவைப்படும் பொது வேலைகளைச் செய்கிறவர்களின் முதுகில் அரசு தன் வரவு செலவைச் சரிக்கட்ட முடியாது என்றே நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஏஜென்சி மூலம் வந்தவர்களுக்கு நிரூபிக்கும் சுமை அதிகம், வருடக்கணக்காகும், ஜெயிக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

அந்த வழக்கு என்றாவது நடந்தால் நிற்கப்போவது தாள்களின் பலத்தில்தான். உங்கள் வருகையைக் குறித்தது யார், லீவு கொடுத்தது யார், பதிவுத் தளத்தில் உங்கள் பெயரில் லாகின் கொடுத்தது யார், உங்கள் பெயர் போட்டு வந்த பணி ஒதுக்கீட்டு ஆணை, தேர்தல் வேலை ஆணை, வருகைப் பதிவேட்டில் அதிகாரியின் சுருக்கொப்பம் உள்ள பக்கம். ஏஜென்சி மேற்பார்வையாளர் மாதத்தில் ஒரு நாள் சம்பளச் சீட்டோடு மட்டும் வந்து போனார் என்றால் அதுவே பெரிய சாட்சியம். உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற நகல்களைத் தேதிவாரியாக அடுக்கி வீட்டில் வையுங்கள். பொதுமக்களின் சான்றிதழ் விவரங்களை மட்டும் நகலெடுக்க வேண்டாம், அது உங்களுக்கே வினையாகும்.

கையில் இல்லாததை ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மூலம் கேளுங்கள். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். வேலை உத்தரவின் நகல், ஒப்பந்த நகல், கடந்த 12 மாத பில்களின் நகல், பில்லோடு ஏஜென்சி வைத்த பிஎஃப், இஎஸ்ஐ செலுத்திய ரசீதுகள் என்று குறிப்பாகக் கேளுங்கள், “ஏன் கட்டவில்லை” என்று கேட்டால் கேள்விக்குப் பதில் தர முடியாது என்று திருப்பிவிடுவார்கள். அந்த ரசீது இல்லாமலேயே பில் பாஸ் ஆகியிருந்தால், பாஸ் செய்த அதிகாரி பதில் சொல்ல வேண்டியிருக்கும். பதில் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். சம்பளப் பாக்கிக்கும் பிடித்தத்துக்கும் உங்கள் மாவட்ட தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் இப்போதே மனு கொடுக்கலாம், மனுவின் இரண்டாவது பிரதியில் சீலும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.